வேலியோரத்துச் சந்தனம்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அதியமான்கோட்டையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் நல்லம்பள்ளி வரும். தெற்கே தொப்பூர்க் கணவாய். அதற்கும் அப்பால் சேர்வராயன் மலைகள் நீல நிறத்தில் தெரியும். சாலையின் இருபுறமும் பெரும்பாலும் மானாவாரிப் புன்செய். கேழ்வரகு, துவரை, கொள்ளு, அவரை. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதுவும் சில ஆண்டுகளில் ஏமாற்றிவிடும். கல்லும் சரளையும் கலந்த செம்மண். ஔவைக்கு அரிய நெல்லிக்கனியை ஈந்த அதியமானின் நாடு இது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவர்.

இந்த மண்ணில், யாரும் நடாமலே, வேலியோரங்களில் ஒரு செடி முளைப்பதுண்டு. எதிரெதிராக அமைந்த மெல்லிய நீள்வட்ட இலைகள். மெலிந்து தொங்கும் கிளைகள். பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லாத செடி. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் கொல்லைக் கிளுவை வேலியில் அப்படி ஒன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. என் தாத்தா அதைக் கண்டதும் மண்வெட்டியை வாங்கி வேரோடு தோண்டி எறிந்தார். "இது வளந்தா மரம் இல்லடா, விலங்கு" என்றார். அது சந்தனக் கன்று என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உலகிலேயே விலை மிகுந்த மரங்களுள் ஒன்று தன் நிலத்தில் தானாக முளைக்கிறது. அதை ஓர் ஏழை உழவர் பிடுங்கி எறிகிறார். ஏன்? இக்கேள்விக்கு விடை தாவர நூலில் மட்டும் இல்லை. இருநூறு ஆண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மரத்தின் இன்றைய நிலையைச் சொல்லிவிடுவோம். அழிவை நோக்கிச் செல்லும் உயிரினங்களைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் படிப்படியாக வகைப்படுத்துகிறது. அழியும் ஆபத்துக்கு உள்ளானவை மூன்று படிகளில் அடங்கும். அவற்றுள் முதற்படியில் 1998-ஆம் ஆண்டு நம் சந்தன மரம் சேர்க்கப்பட்டது. இன்னும் அந்தப் பட்டியலிலிருந்து விடுபடவில்லை. கடைசிப் படியான 'மிக மோசமான ஆபத்து' என்பதை அது இன்னும் எட்டவில்லை. ஆனால், அதன் உறவு மரம் ஒன்று அப்படியையும் தாண்டி மறைந்தே போயிற்று. அதைப் பிறகு பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் சந்தனம் பரவியிருந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 9,600 சதுர கிலோமீட்டர். அதில் 5,245 கர்நாடகத்திலும் 3,040 தமிழ்நாட்டிலும் இருந்தன. சவ்வாது மலை, ஏலகிரி, சித்தேரி மலை, சேர்வராயன் மலை, சத்தியமங்கலக் காடுகள் ஆகியவை நம் மாநிலத்தின் சந்தனக் காடுகள். 1930 முதல் 1950 வரையிலான காலத்தில் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் வைரக்கட்டை கிடைத்து வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சில நூறு டன்களாகச் சுருங்கிவிட்டது.

அரசனுடைய மரம்

சங்க காலத்தில் இம்மரத்துக்கு 'ஆரம்' என்று பெயர். பொதிகைச் சந்தனத்தின் புகழை நாம் அறிவோம். இம்மரம் இந்தியாவுக்கே உரியதா, அல்லது மிகப் பழங்காலத்தில் தைமூர்த் தீவுப் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறியதா என்று தாவரவியலார் இடையே ஒரு விவாதம் உண்டு. இருப்பினும், குறைந்தது ஈராயிரம் ஆண்டுகளாக இது நம்முடன் வாழ்கிறது என்பதில் ஐயமில்லை.

மைசூர் அரசில் சந்தனம் 'அரச மரம்' ஆன ஆண்டு 1792 என்று நூல்கள் குறிக்கின்றன. (நம் ஊர்க் குளக்கரை அரசமரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அரசனுக்கு உரிய மரம் என்பது பொருள்.) சந்தனம் காட்டில் நின்றாலும் சரி, உழவர் நிலத்தில் நின்றாலும் சரி, அது அரசுக்கே சொந்தம் என்று திப்பு சுல்தான் ஆணையிட்டார். திப்புவுக்குப் பின் வந்த மைசூர் மன்னர்களும், சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசும் இக்கொள்கையை விடவில்லை. நிலம் உழவருடையது, நிலவரி கட்டுபவர் அவர், மரத்தைக் காக்கும் பொறுப்பும் அவருடையது, மரம் மட்டும் அவருடையதன்று. களவு போனால் கேள்வி அவரிடம்தான் வரும்.

அதே 1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். அப்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போன பகுதிகளுள் ஒன்று பாராமகால். அதாவது இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகள். அதன் நிருவாகத்துக்குக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அனுப்பப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவராக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழு ஆண்டுகள் இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து வரி வகுத்தார். தருமபுரியில் வீடு அமைத்துத் தோட்டமும் போட்டு வாழ்ந்தவர். இரயத்துவாரி முறையின் விதை இங்கேதான் ஊன்றப்பட்டது என்று சொல்லலாம்.

மன்றோவை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. 1806-இல் கம்பெனி, மலபாரிலும் கன்னடக் கரையிலும் கப்பல் கட்டும் தேக்குக்காகக் கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக் காப்பாளராக நியமித்தது. தனியார் காட்டு மரங்களையும் அரசே எடுத்துக்கொள்ளும் ஏகபோகம் அங்கே ஏற்பட்டது. மரம் வெட்டும் உரிமை இழந்த நில உரிமையாளர்களும் வணிகர்களும் கொதித்தனர். 1820-இல் சென்னை ஆளுநராக வந்த மன்றோ இந்த ஏகபோகத்தை வன்மையாக எதிர்த்து, 1823-இல் அப்பதவியையே ஒழித்தார். உடைமையாளனுக்குப் பயன் இருந்தால்தான் அவன் மரத்தைப் பேணுவான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதைப் படித்ததும் மன்றோ பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். ஆனால் கதை அவ்வளவு நேரானதன்று. கட்டுப்பாடு நீங்கியபின் காடுகள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டதும் உண்மை. 1840-களில் மலபார்க் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. 1856-இல் டாக்டர் கிளெகார்ன் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தின் காட்டுக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஊரார் ஆடு மேய்த்து, விறகு பொறுக்கி வந்த மலைச் சரிவுகள் ஒதுக்குக் காடுகள் ஆயின. ஆக, ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் சூறை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண்பதற்கு யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

கடல் நடுவே ஒரு முன்னுதாரணம்

சந்தனப் பேரினத்தில் நம் மரம் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் பல பசிபிக் பெருங்கடல் தீவுகளில் வளர்பவை. மன்றோ சென்னையில் ஆட்சி செய்த அதே ஆண்டுகளில் ஹவாய்த் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள்.

சீனாவின் காண்டன் நகரில் சந்தனத்துக்கு நல்ல கிராக்கி. அமெரிக்கக் கப்பல்கள் ஹவாயிலிருந்து அதை ஏற்றிச் சென்றன. சீனர்கள் அத்தீவுகளுக்குச் 'சந்தன மலைகள்' என்றே பெயரிட்டார்கள். முதலாம் கமேகமேகா மன்னர் 1819-இல் இறந்தபின், சிற்றரசர்கள் கப்பல்களையும் பட்டுத் துணிகளையும் கடனுக்கு வாங்கிக் குவித்தார்கள். கடனை அடைக்க 1826-இல் ஒரு சட்டம் வந்தது. வயது வந்த ஒவ்வோர் ஆணும் அரைப் பிக்கல், அதாவது ஏறக்குறைய 30 கிலோ சந்தனக் கட்டையைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் நான்கு ஸ்பானிய டாலர் கட்ட வேண்டும். மக்கள் வயலை விட்டுவிட்டு மலை ஏறினர். பயிர் கெட்டது. சில ஆண்டுகளில் சந்தனமும் தீர்ந்தது. அக்காலத்தில் மலையேறிய மக்கள், தம் பிள்ளைகளும் இதே துன்பத்தைப் படக்கூடாது என்று, கண்ணில் பட்ட சந்தனக் கன்றுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள் என்று அங்கே ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு என் தாத்தாவின் மண்வெட்டி நினைவுக்கு வந்தது.

ஹவாயிலாவது சில மரங்கள் தப்பின. சிலி நாட்டுக்கு மேற்கே உள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் அவ்வாறும் இல்லை. அங்கு மட்டுமே வளர்ந்த சந்தன இனம் ஒன்றை வணிகர்கள் வெட்டி வெட்டி ஒழித்தனர். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் கார்ல் ஸ்காட்ஸ்பர்க் அத்தீவில் எஞ்சியிருந்த ஒரே மரத்தைத் தேடிக் கண்டு அதைப் படமும் எடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி அங்கே சென்றபோது அம்மரம் உயிருடன் இல்லை. அதன்பின் யாரும் அந்த இனத்தைக் கண்டதில்லை. ஒரு பேரினத்தின் ஓர் உறுப்பு முற்றாக அழிந்ததற்குக் கையில் கிடைத்த சாட்சி அந்தப் புகைப்படம்தான்.

தனியே வாழாத மரம்

இனி நம் மரத்தின் உடற்கூற்றைச் சற்று ஆராய்வோம். சட்டத்தால் மட்டும் சந்தனத்தைக் காக்க முடியாமற் போனதன் பாதி விளக்கம் இதில்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வனத்துறையினர் சந்தன விதையைத் தனியே பாத்தி கட்டி விதைத்துப் பார்த்தனர். விதை முளைக்கும், சில மாதம் செழிக்கும், பிறகு இலை வெளுத்துச் சாகும். நீர் ஊற்றினாலும், எரு இட்டாலும் பயனில்லை. வேலியில், முட்புதரில் யாரும் பாராமல் கிடந்த கன்றோ ஓங்கி வளர்ந்தது. இப்புதிரின் திறவுகோலை 1871-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஜான் ஸ்காட் கண்டுபிடித்தார். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கிறது! பற்றும் இடத்தில் சிறு பொத்தான் போன்ற ஓர் உறுப்பு உருவாகி, அடுத்த வேரின் பட்டையைத் துளைத்து உள்ளே செல்கிறது. இதை உறிஞ்சுறுப்பு என்று சொல்லலாம்.

இலை பச்சையாக இருப்பதால் சூரிய ஒளியைக் கொண்டு மாவுப் பொருளைச் சந்தனம் தானே தயாரித்துக்கொள்ளும். நீரையும், தழைச்சத்து முதலிய உப்புகளில் பெரும்பகுதியையும் பிற மரத்தின் வேரிலிருந்து பெறும். ஆகவே இது அரை ஒட்டுண்ணி. சென்னை அரசின் தாவரவியலாராக இருந்த சி. ஏ. பார்பர், 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த உறிஞ்சுறுப்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்து விரிவாக ஆராய்ந்து எழுதினார். கோயம்புத்தூர்க் கரும்பு வகைகளை உருவாக்கியவர் என்று நாம் அறிந்த அதே பார்பர்தான் இவர். கரும்பின் இனிமையில் அவருடைய சந்தன ஆராய்ச்சியை நாம் மறந்துவிட்டோம். பின்னர் எம். ராமராவ் சந்தனத்துக்கு ஊட்டம் தரும் செடிகளை ஊர் ஊராகத் தேடிப் பட்டியலிட்டார். இன்று அப்பட்டியலில் 300-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. புங்கன், சவுக்கு, வேலமரங்கள் நீடித்து உதவும் துணைகள். நாற்றுப் பையில் இருக்கும் சின்னக் கன்றுக்குப் பொன்னாங்கண்ணியோ துவரையோ போதும்.

எங்கள் ஊர்த் துவரைக் கொல்லை வேலியில் சந்தனம் ஏன் தானாக வளர்ந்தது என்பது இப்போது விளங்கும். கருநீல நிறத்தில் பழுக்கும் சிறு கனியைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று, வேலியில் அமர்ந்து விதையை எச்சத்தோடு விடும். கிளுவை நிழல் தரும், முள் ஆட்டைத் தடுக்கும், துவரை ஊட்டும். நாற்றங்கால் அமைத்து நாம் செய்வதை அந்த வேலி ஒரு காசும் வாங்காமல் செய்து வந்தது.

கன்று பிழைத்துவிட்டால் மற்றது பொறுமையின் வேலை. மரத்துக்கு உடனே மணம் வந்துவிடாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே நடுவில் வைரம் விழத் தொடங்கும். நல்ல பயன் தர முப்பது ஆண்டுகளாவது செல்ல வேண்டும். வெளிப்புற வெண்கட்டையில் மணம் இல்லை. வைரத்தில் உள்ள எண்ணெயில் சாண்டலால் என்னும் பொருள் ஏறத்தாழ 90 சதவீதம். அந்த எண்ணெய் அடிமரத்தைவிட வேரில் அதிகம். அதனால்தான் சந்தனத்தை மற்ற மரங்களைப் போல் அடியில் வெட்டுவதில்லை. வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தோண்டும்போது மண்ணில் அறுந்து தங்கும் வேர்த் துண்டுகளிலிருந்து சில இடங்களில் புதுத் தளிர் கிளம்புவதும் உண்டு.

மரத்துக்கு நோயும் உண்டு. 1899-இல் குடகில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட கூர்இலை நோய் தென்னிந்தியச் சந்தனக் காடுகளையே கலக்கிற்று. நோய் கண்ட மரத்தின் இலைகள் சிறுத்து, விறைத்து, ஈட்டி முனை போல் குத்திட்டு நிற்கும். வேர் நுனிகளும் உறிஞ்சுறுப்புகளும் அழுகும். பூ இல்லை, காய் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் மரம் பட்டுப்போகும். மைசூர் அரசின் பூஞ்சை ஆய்வாளர் லெஸ்லி கோல்மன், நோய் மரத்தின் துண்டை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டி, இது தொற்றுநோய் என்று 1917-இல் மெய்ப்பித்தார். வைரஸ் என்று நெடுங்காலம் கருதினார்கள். 1969-இல் மின்னணு நுண்ணோக்கி உண்மையைக் காட்டியது: செல்சுவர் அற்ற மிகச் சிறு நுண்ணுயிர். இன்று அவ்வகை உயிர்களை ஃபைட்டோபிளாஸ்மா என்று அழைக்கிறோம். நோய் கண்ட மரத்தை அகற்றுவது தவிர முழுமையான மருந்து இதற்கு இன்றும் இல்லை.

முதல் உலகப் போர் வரை நம் சந்தனக் கட்டைகளில் பெரும்பகுதி எண்ணெய் இறக்குவதற்காக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. போரால் கப்பல் நின்றது, கட்டைகள் தேங்கின. திவானாக இருந்த விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1916-இல் மைசூர் அரசே எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது. இரண்டாண்டில் சந்தன சோப்பும் வந்தது. இதனால் மரத்தின் மதிப்பு இன்னும் ஏறிற்று. மதிப்பு ஏற ஏறக் காவலும் ஏறிற்று.

காவலும் களவும்

தமிழ்நாட்டுச் சட்டம் மைசூர்ச் சட்டத்தின் அச்சுப்படி அன்று. ஆயினும் உழவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பட்டா நிலத்துச் சந்தனத்தை வெட்ட, வீட்டில் வைத்திருக்க, வண்டியில் ஏற்ற எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி தேவை. நடைமுறையில் அது அரசு மரம்தான். அனுமதிக்கு அலைவது ஒரு தொல்லை என்றால், இரவில் யாராவது மரத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டால் வழக்கு நம் தலையில் விழுமோ என்பது அதைவிடப் பெரிய அச்சம். கன்றைப் பிடுங்கிவிட்டால் இரண்டும் இல்லை. தாத்தாவின் கணக்கு இதுதான். அவர் தாவர நூல் படிக்காதவர். ஆனால் கணக்கில் பிழை இல்லை.

உரியவருக்குப் பயன்படாத பொருளின் விலை வெளியே ஏறிக்கொண்டே போனால் நடுவில் நுழைபவன் கடத்தல்காரன். மலையடிவார மக்களுக்கு அவன் ஓர் இரவுக் கூலி தந்தான். பெரும்பணம் வேறெங்கோ போயிற்று. முதலில் பெருமரங்கள் மறைந்தன. பிறகு, வைரம் விழுந்ததா இல்லையா என்று துளையிட்டுப் பார்த்து, இல்லாத இளமரங்களையும் பாழாக்கினர். சந்தனம் பெரும்பாலும் தன் பூந்தாதினால் தானே கருவுறுவதில்லை. அருகில் வேறொரு மரம் வேண்டும். காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவாகிவிட்டால் காய்ப்பு குறையும்; கன்றும் குறையும். களவு போனவை மரங்கள் மட்டுமல்ல, வருங்கால விதைகளும்தான்.

இந்தப் போராட்டத்தின் மிகக் கொடிய பக்கம் நம் மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. அரூரை அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊர் உண்டு. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், கடத்தல் சந்தனத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் அவ்வூரில் நுழைந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பழங்குடி மக்கள் சங்கமும் பிறரும் விடாது போராடியதால், உயர்நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள், ஒரு சந்தனக் கன்று நன்கு முற்றும் காலம்.

மரப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மரத்தைக் காக்கிறோம் என்ற பெயரில்தான் அது நடந்தது. ஆகவே இக்கணக்கை விட்டுவிட்டுச் சந்தனத்தின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

தமிழக, கர்நாடகக் காடுகளில் நெடுங்காலம் யானைத் தந்தமும் சந்தனமும் கடத்திய வீரப்பன், 2004 அக்டோபர் 18-ஆம் நாள் இரவு நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அதற்கு ஈராண்டுக்கு முன் ஓசையின்றி நடந்த ஒன்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சந்தனத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிய செய்தி.

சட்டம் திரும்பிய திசை

கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் வனச் சட்டங்களைத் திருத்தின. தன் நிலத்தில் வளரும் சந்தனம் நில உரிமையாளருக்கே உரியது என்பது ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான தனி விதிகள் 2008-இல் வந்தன. திப்புவின் ஆணைக்கு ஏறத்தாழ 210 ஆண்டுகள் கழித்து மரம் உழவரிடம் திரும்பியது. வெட்டுவதும் விற்பதும் இன்றும் வனத்துறை வழியாகவே நடைபெற வேண்டும். அந்த நடை இன்னும் எளிதாகலாம் என்பது என் கருத்து. எப்படியாயினும், நட்டவர் பெயரில் மரம் என்றானபின் பலர் நடத் துணிந்தார்கள். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் விதைத் தேர்வு, நாற்று வளர்ப்பு, துணைச் செடி அமைப்பு ஆகியவற்றில் பயிற்சி தந்து வருகிறது.

இதற்குள் உலகம் காத்திருக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் குனுனுரா என்ற இடத்தில் 1999 முதலே நம் சந்தனத்தைப் பெருந்தோட்டமாகப் பயிரிட்டார்கள். நம் காட்டு மரம் அங்கே வரிசை வரிசையாக நிற்கிறது. பணம் போட்டவர்கள் எல்லோரும் கொழித்தார்கள் என்று எண்ண வேண்டாம். அத்தோட்டங்களை நடத்திய மிகப் பெரிய நிறுவனமே 2018-இல் கடனில் சிக்கி நிருவாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏக்கருக்கு இத்தனை கோடி என்று ஆசை காட்டி நம் ஊரில் கன்று விற்பவர்களிடம் இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தோட்டம் பெருகினால் காட்டு மரம் பிழைத்துவிடுமா? சந்தையில் கட்டை தாராளமாகக் கிடைத்தால் களவுக்கு உள்ள கவர்ச்சி குறையும். அந்த அளவுக்கு நன்மை. ஆனால் தோட்டத்துக் கன்றுகள் பெரும்பாலும் சில தாய்மரங்களின் பிள்ளைகள். சவ்வாது மலைச் சந்தனத்துக்கும் சித்தேரிச் சந்தனத்துக்கும் உள்ள நுண்ணிய வேற்றுமைகளை அவை சுமந்து வருவதில்லை. கூர்இலை நோயைத் தாங்கும் பண்பு எந்த மலையின் எந்த மரத்தில் ஒளிந்திருக்கிறதோ! அதனால் காட்டில் எஞ்சிய மரங்களை அதே இடத்தில், அதே புதர்களோடும் பறவைகளோடும் காப்பது தனி வேலை. கேரளத்து மறையூரில் காவல் வலுவாக இருப்பதால் இயற்கைச் சந்தனக் காடு பெருமளவு தப்பியிருக்கிறது. அங்கும் கூர்இலை நோய் புகுந்துவிட்டது. எனினும் பெருமரங்கள் கூட்டமாக நிற்பதைக் காண விரும்பும் மாணவர்கள் உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று பார்க்கலாம்.

நம் மலைகளில் நிலைமை வேறு. பெருமரங்கள் அரிது. ஆனால் ஆடும் தீயும் உண்ணிச்செடியின் நெரிசலும் தொடாத இடங்களில், முட்புதர் நடுவில், கன்றுகள் இன்னும் முளைக்கின்றன. எஞ்சிய மரங்களின் கனியைக் குயில் இன்னும் கொண்டுவருகிறது.

சென்ற மழைக்காலம் முடிந்தபின் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்துக் கிளுவை வேலியில் பாதி போய்க் கம்பி வேலி வந்துவிட்டது. மீதியிருந்த கிளுவையின் கீழே, முழங்கால் உயரத்துக்குச் சந்தனக் கன்று ஒன்று நின்றது. யாரும் நட்டதன்று. தம்பியின் மகன், "பெரியப்பா, புடுங்கிரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பக்கத்தில் விதைத்திருந்த துவரையில் அந்த ஓரத்து நான்கு செடிகளை மட்டும் இந்த ஆண்டு அறுக்காமல் விட்டுவிடச் சொன்னேன். கிராமக் கணக்கில் மரத்தை எப்படிப் பதிவது என்று விசாரித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். எப்போது மணக்கும் என்று கேட்டான். "உனக்குக் கலியாணம் ஆகிற சமயத்துக்கு வைரம் விழலாம்" என்றேன். அவன் கன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். பச்சிலை வாசனைதான் வந்தது.